குருவியைச் சாட்சிக்கு இழுக்காதே, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். கல்யாணம் இயற்கையில் இல்லாதது, எந்த மிருகம் தாலி கட்டுகிறது என்று போனில் மாமியிடம் கேட்டாயாம். அவ அதை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா.

உன் கேள்வியில் எனக்குப் பிழை தெரியவில்லை. மாமியின் பதிலில்தான் பிழை. "குருவிகளைப் பார், சோடி சோடியாக வாழுதுகள்" என்றாவாம். பறவை இனங்களில் பத்தில் ஒன்பது பங்கு சோடியாகத்தான் குஞ்சு வளர்க்கின்றன, சரி. ஆனால் அவ காட்டியது எங்கள் வளவுப் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவியை! ஆண் குருவி கூட்டைப் பாதி பின்னி நிறுத்திவிடும். பெண் வந்து பார்த்துச் சம்மதித்தால்தான் மிச்சப் பின்னல். அவள் முட்டையிட்டு அடைகாக்க, அவர் பக்கத்திலேயே இன்னொரு கூட்டைத் தொடங்கி இன்னொருத்தியைக் கூப்பிடுவார். சோடி பிரியாத பறவைகளின் கூடுகளிலும் வேறு ஆணின் குஞ்சுகள் இருப்பதை மரபணுச் சோதனை காட்டிவிட்டது. பாலூட்டிகளில் சோடியாக வாழ்பவை நூற்றில் பத்துக்கும் குறைவு.

அதற்காக நீ வென்றாய் என்று நினைக்காதே. இருவாட்சிப் பறவையில் பெண் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும். ஆண் வெளியே நின்று ஓட்டை வழியாக ஊட்டும், குஞ்சுக்கும் சேர்த்து. அதுவும் இயற்கைதான்.

சமயத்திடம் போனாலும் ஒரே பதில் இல்லை. முருகனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தேவிமார். கந்தசஷ்டி முடிந்து திருக்கல்யாணம் பார்க்க உன் அம்மா முதல் ஆளாகப் போய்விடுவா. கத்தோலிக்கருக்குத் திருமணம் ஏழு அருட்சாதனங்களில் ஒன்று, ஆசீர்வதிக்கும் சுவாமியாரோ கல்யாணம் கட்டாதவர்.

எனக்குப் பிடித்த பதில் தொல்காப்பியத்தில் இருக்கிறது, எங்கள் சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை ஏட்டிலிருந்து அச்சேற்றிய பொருளதிகாரத்தில். பொய்யும் வழுவும் தோன்றிய பிறகுதான் பெரியோர் சடங்கை வகுத்தார்களாம். ஆட்கள் ஏமாற்றினார்கள், அதனால் ஊரைச் சாட்சிக்கு வைத்தார்கள், அவ்வளவுதான். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையைப் பார்த்தாலோ முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) என்று கல்யாணம் முழுக்கச் சொத்துக்கணக்கு. இந்தச் சீதனக் கணக்கு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

மனிதர் செய்த ஏற்பாடு என்பதால்தான் உனக்கு அதில் பேச்சுரிமை இருக்கிறது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லு, காரணம் உன்னுடையதாக இருக்கட்டும்.

கல்யாணத் தரகர் உன் சாதகக் குறிப்பைக் கேட்டு வந்தார். அம்மா எடுத்து வைத்திருக்கிறா, நான் இன்னும் கொடுக்க விடவில்லை. கொடுப்பதா இல்லையா என்று அவவுக்கு நீயே எழுது. மாமி வழியாகச் சொல்லி அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா