ஐஸ் பெட்டி தந்த தம்பிக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும், ஊராருக்கும், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்து உதவியவர்களுக்கும் எங்கள் அன்பின் ஸ்தோத்திரம்.

வெள்ளம் வந்த அந்த நாட்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நீங்களும் அதே தண்ணீரில் நின்றவர்கள்தான். மிஷனெரி ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்று இந்த இல்லத்தில் இருக்கிற நாங்கள் அத்தனை பேரும் சுகமாக இருக்கிறோம். கட்டிலும் பீரோவும் போனது போகட்டும். தான்சானியாவிலிருந்து எழுதிய கடிதங்கள், புகைப்பட ஸ்லைடுகள், மருத்துவமனைக் குறிப்பேடுகள் ஆகியவற்றில் பெரும்பகுதி பிழைத்துவிட்டது. அதற்காகத்தான் இந்த மடல். பிழைக்க வைத்தவர் மீன் வியாபாரம் செய்கிற ஒரு தம்பி. பெயர் போடக்கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார், ஆகவே தம்பி என்றே எழுதுகிறோம்.

நனைந்த தாளுக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு நாள்தான் தவணை. 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் அத்தனையையும் காயவைக்க இடம் இல்லை, கரண்ட் இல்லை, ஆள் இல்லை என்றால் செய்யக்கூடியது ஒன்றுதான்: உறைய வைப்பது. உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது, மை மேற்கொண்டு பரவாது. பிறகு அன்றன்றைக்குக் காயவைக்க முடிகிற அளவு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எங்களில் நூலகப் பணி பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் ஊரே இருட்டாகக் கிடந்தபோது ஃப்ரீசருக்கு எங்கே போவது?

தம்பி தன் கடையில் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த ஃப்ரீசர்களில் பெரியதைக் காலி செய்தார். "மீன வேற எடத்துல வச்சுக்கிடுதேன் பாட்டி. இத நீங்க எடுத்துக்கோங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பெட்டியைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மூடியைத் திறந்துபோட்டு வாடை போகவிட்டு, மறுபடி ஓடவிட்டு மைனஸ் 18க்கு இறக்கின பிறகே கட்டுகளை வாங்கினார். டீசலுக்கு லைன் நின்ற நேரம் அது. காசு என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை.

வீட்டிலிருந்து கடைவரை கொண்டுபோகவும் அவரிடமே வழி இருந்தது. தெர்மாகோல் பெட்டியின் அடியில் மூன்று பங்கு நொறுக்கின ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு கலந்து போட்டார். வெறும் ஐஸ் பூஜ்ஜியத்திலேயே நின்றுவிடும். உப்புச் சேர்ந்தால் மைனஸ் பத்துக்கும் கீழே இறங்கும். அதன்மேல் மீன் டிரே, டிரேயில் இரண்டு உறை போட்டு வாய் கட்டின கடிதக் கட்டுகள். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு தாளில் பட்டாலும் கெடுதல் என்பதால் அந்த இரண்டாவது உறை. கட்டுக்குள் நாலைந்து கடிதத்துக்கு ஒரு பாலிதீன் தாளை இடையில் வைத்தார். மீனை ஒன்றோடொன்று ஒட்டாமல் உறைய வைக்க அவர் செய்கிற வேலை அது. அப்படிச் செய்ததால்தான் இப்போது முழுக் கட்டையும் இளக்காமல் வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க முடிகிறது.

இப்போது இல்லத்தில் காலை ஜெபம் முடிந்ததும் ஒரு சிறு கட்டு இளக ஆரம்பிக்கிறது. ஏர்மெயில் தாள்தான் மிகவும் கஷ்டம். மெல்லிய நீலத்தாள், நனைந்தால் தன் பாரத்தையே தாங்காது. விரலால் தூக்கினால் மடிப்பில் கிழியும். அதன்மேல் ஒரு டிரான்ஸ்பரன்ஸி ஷீட்டைப் படியவைத்தால் ஈரமே தாளை ஷீட்டோடு பிடித்துக்கொள்ளும். ஷீட்டின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்கி, கயிற்றுக் கட்டிலில் இழுத்துக் கட்டின கொசுவலைமேல் கவிழ்த்து, ஷீட்டை மட்டும் ஒரு மூலையிலிருந்து உரித்துவிடலாம். வலைமேல் கிடப்பதால் இரண்டு பக்கமும் காற்றுப்படும். மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும், நேராக அடித்தால் தாள் சுருண்டுகொள்ளும். வெயில் ஆகாது. டெட்டால், ப்ளீச்சிங் பவுடர் பக்கமே போகக்கூடாது. சேற்றை ஈரத்தில் துடைத்தால் தாளுக்குள் இறங்கிவிடும், காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

பால்பாயிண்ட் எழுத்தும் டைப்ரைட்டர் எழுத்தும் அப்படியே நிற்கின்றன. மைப்பேனாவின் நீல மையில் எழுதியவற்றை அலசவே கூடாது. முந்தி உறைய வைக்க வேண்டியதும் அவைதான். வழவழத் தாளில் அச்சான ஆண்டறிக்கைகள் மட்டும் கட்டியாகிவிட்டன. அந்தத் தாளின் மேற்பூச்சு ஈரம் காயும்போது பசையாகி விடுகிறது, ஒருமுறை ஒட்டிக் காய்ந்தால் பிரிக்க வழியில்லை.

ஸ்லைடுகளை ஃப்ரீசருக்கு அனுப்பவில்லை. அட்டைச் சட்டத்தில் எழுதியிருந்ததைப் பென்சிலால் ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டு, சட்டத்தை வெட்டி, ஃபிலிமை மட்டும் குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசி, துளை ஓரத்தில் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டோம். மங்கலாகத் தெரிகிற பக்கத்தில் விரல் படவே கூடாது, நனைந்த ஜெலட்டின் உடனே வழுகிவிடும். போர்வெல் தண்ணீரில் கடைசி அலசல் அலசினால் உப்புத் திட்டு நிற்கும். குடிக்கக் கொடுத்த கேன் தண்ணீரில் கொஞ்சத்தை இதற்கு எடுத்துக்கொண்டோம், கொடுத்தவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

பிழைத்தவற்றுள் எங்களுக்கு உயிரானவை, நோயாளிகளின் செருப்பு அளவுக்கு எடுத்த பாத வரைபடங்கள். வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய்ப் பணி கற்றுக்கொண்டு ஆப்பிரிக்கா போனவர்கள் கையோடு கொண்டுபோனது எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பர்ச் செருப்பு வேலை. உணர்ச்சியற்ற காலுக்கு ஆணி அடித்த செருப்பு ஆகாது. ஆணி உள்ளே ஏறினாலும் தெரியாது, புண் ஆழமான பிறகே தெரியும். அதனால் மேலே மெத்தென்ற அந்த ரப்பர், கீழே பழைய டயர், நடுவில் பசையும் தையலும் மட்டும். குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் செருப்புக் கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்துவிடுவார்கள். அளவெடுக்கும்போது நோயாளி இரண்டு காலிலும் பாரத்தை ஊன்றி நிற்க வேண்டும், பென்சிலைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். உட்பக்கம் சாய்ந்தால் அளவு குறைந்து செருப்பு விரலைக் கடிக்கும். பென்சில் கோடு என்பதால் அந்தத் தாள்களில் ஒரு விளிம்புகூடக் கலையவில்லை. பழைய புண் இருந்த இடங்களில் போட்ட சிறு வட்டங்களும் தெளிவாக இருக்கின்றன. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைப்பதற்கு முந்திய தாள்களில் டாப்சோன் என்ற ஒரே மருந்தின் பெயர்தான். பிந்தியவற்றில் ரிஃபாம்பிசினும் க்ளோஃபாசிமினும் வருகின்றன.

அந்தப் பாதக் கவனிப்புக்கு இல்லத்தில் இன்றைக்கும் வேலை இருக்கிறது. எங்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை. மாலை ஜெபத்துக்குப் பிறகு ஒருவர் காலை ஒருவர் பார்ப்பது வழக்கம். வெள்ளத்தில் நடந்த கால்களை இன்னும் கவனமாகப் பார்க்கிறோம். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்: தொழுநோயில் வறண்ட காலைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் பூசச் சொல்வார்கள், சர்க்கரைக் காலை ஊறவைக்கக் கூடாது. கழுவி, விரலிடுக்கை ஒற்றி, பாதத்தில் மட்டும் எண்ணெய் தடவ வேண்டும், இடுக்கில் கூடாது.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கின ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு எழுதியவை ஜெர்மனியின் ஹாலே நகரில் பத்திரமாக இருப்பதால்தான் அக்காலத் தமிழ் மக்களைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. தான்சானியாவின் கிராமங்களைப் பற்றி இங்கே தமிழில் எழுதி வந்தவற்றுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். அங்கே உள்ள பேரப்பிள்ளைகள் ஒருநாள் தங்கள் தாத்தாவின் பாத அளவைத் தேடி வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டாமா?

தம்பிக்கு அடுத்து நன்றி சொல்ல வேண்டியவர்களைச் சேர்த்தே சொல்கிறோம்: சேறு அள்ளின வாலிபர் சங்கப் பிள்ளைகள், புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் பொட்டலமாக அனுப்பின பள்ளிவாசல் தெருத் தாய்மார், அச்சாகாத ரீல் தாளின் மிச்சத்தை ஒற்றுத்தாளுக்கு அள்ளிக் கொடுத்த அச்சக உரிமையாளர், பிரஷர் மாத்திரையைச் சீட்டில்லாமல் நம்பிக் கொடுத்த மருந்துக்கடை அம்மா, வயரிங் பார்த்துக் கூலி வாங்காமல் போன எலெக்ட்ரீஷியன். கர்த்தர் உங்கள் வீட்டாரையும் உங்கள் தொழிலையும் காத்துக்கொள்வாராக.

இனி எல்லாக் கடிதத்தையும் இரண்டு பக்கமும், தபால் முத்திரையோடு, படம் எடுத்து மூன்று பிரதி வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். ஒன்று மாடியில், ஒன்று வேறு ஊரில், ஒன்று தான்சானியாவில் ஊழியம் நடந்த சபைக்கே. தம்பியின் ஃப்ரீசரை மீன் சீசனுக்கு முன்னால் காலி செய்து, கழுவி ஒப்படைத்துவிடுவோம்.

கல்யாணப் படமோ ஞானஸ்நானப் பதிவேடோ நனைந்து ஒட்டிப்போய் இன்னும் வைத்திருப்பவர்கள் பிய்க்க வேண்டாம். அப்படியே உறையில் போட்டு மாலை மூன்று மணிக்குமேல் இல்லத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்த மதத்தார் வீட்டுப் படமானாலும் சரி. வலையும் ஒற்றுத்தாளும் தயாராக இருக்கின்றன, பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துத் தருகிறோம்.

அன்புடன்,
ஓய்வு இல்லத்தார்