வுல்வரினின் அடுத்த கதையை முடிவு செய்யப்போகிறவர்களுக்கு

வணக்கம்.

எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோ கூட்டத்தின் பாத்திரங்களைப் படமாக்கும் உரிமை 2019 மார்ச்சில் கைமாறி டிஸ்னிக்காரர்களான உங்களிடம் வந்தது. அடுத்து எந்தப் படம், யார் நடிப்பது, எப்போது வெளியிடுவது என்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பீர்கள். ரசிகர்களின் விருப்பம் என்ற பெயரிலும் ஒரு தாள் உங்கள் மேசைக்கு வரும். எத்தனை பேர் ட்ரெய்லர் பார்த்தார்கள், யார் திரும்பி வர வேண்டும் என்று கேட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 2017-ல், வுல்வரின் செத்துப்போகும் ‘லோகன்’ படம் முடிந்தபோது திரையரங்குக்குள் நாங்கள் எப்படி இருந்தோம் என்பது அதில் இருக்காது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

லோகன் என்ற வுல்வரினின் கல்லறையில் இருந்த சிலுவையை அவர் மகளான சிறுமி லாரா பிடுங்கி, சாய்த்து, எக்ஸ் என்ற எழுத்தாக வைத்துவிட்டு நடந்து போனாள். திரை இருண்டது. பாடகர் ஜானி கேஷின் கரகரத்த குரல் ஆரம்பித்தது. இந்த வகைப் படங்களில் பெயர்கள் ஓடும்போது பாதிப்பேர் எழ மாட்டார்கள். கடைசியில் ஒரு துண்டுக் காட்சி வரும், அடுத்த படத்துக்கான முடிச்சு அதில் இருக்கும் என்று காத்திருப்பார்கள். அன்று யாருமே எழவில்லை. எதற்காகவும் காத்திருப்பதாகவும் தெரியவில்லை. என் வரிசையில் இரண்டு இருக்கை தள்ளி, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, உள்ளங்கையால் கண்களை மூடியபடி உட்கார்ந்திருந்தார். கூட வந்த பெண்மணி அவர் முதுகில் கை வைத்திருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கு போட்டார்கள். பெயர்கள் ஓடி முடிந்தன. துண்டுக் காட்சி எதுவும் வரவில்லை. அப்புறம்தான் ஒவ்வொருவராக எழுந்தோம்.

இந்தக் கதைகளில் சாவு எங்களுக்குப் புதிது இல்லை. 1974-ல் காமிக்ஸில் பிறந்த வுல்வரின், 2014-ல் அதே காமிக்ஸில் செத்தும் போனார். சில ஆண்டுகளில் திரும்பி வந்துவிட்டார். திரையிலும் அப்படித்தான். 2006-ல் வந்த மூன்றாவது எக்ஸ்-மென் படத்தில், அந்தக் கூட்டத்தின் தலைவர் சார்லஸ் சேவியர் எங்கள் கண் முன்னால் துகள் துகளாகச் சிதறிப் போனார். அதே படத்தின் பெயர்கள் ஓடி முடிந்ததும் அவர் குரல் கேட்டது. இந்த விளையாட்டு எங்களுக்குத் தெரியும், பிடிக்கவும் செய்யும். ஆகவே ஒரு சூப்பர்ஹீரோ செத்துவிட்டார் என்பதற்காக மட்டும் அத்தனை பேரும் அழுதிருக்க முடியாது.

அழுகைக்கான காரணம் 2000-லிருந்தே சேர்ந்துகொண்டு வந்தது.

அந்த ஆண்டு முதல் படம் வந்தபோது எனக்கு 12 வயது. வுல்வரினாக நடித்த ஹியூ ஜாக்மேனுக்கு 31. முதலில் அந்த வேடத்துக்கு அவரைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. டக்ரே ஸ்காட் என்ற நடிகரை வைத்திருந்தார்கள். அவர் நடித்துக்கொண்டிருந்த இன்னொரு படத்தின் படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனதால் அவரால் வர முடியவில்லை. கடைசி நேரத்தில் உள்ளே வந்தவர்தான் ஜாக்மேன். காமிக்ஸ் வாசகர்களுக்கு அவரைப் பார்த்ததும் எரிச்சல். வுல்வரின் குள்ளமானவர், 5 அடி 3 அங்குலம். இவரோ ஆறடியைத் தாண்டியவர். மேடை நாடகத்தில் பாடி ஆடியவர் என்று வேறு தெரிய வந்தது. காமிக்ஸைக் கரைத்துக் குடித்த பெரிய பையன்களோடு சேர்ந்து நானும் இவர் வேண்டவே வேண்டாம் என்றுதான் சொன்னேன். படம் பார்த்துவிட்டு வந்தவுடன் எங்கள் பேச்சு மாறிவிட்டது. கோபமும் உள்ளே எதையோ இழந்த வலியும் ஒரே முகத்தில் தெரிந்தன. உயரத்தை அதற்குப் பிறகு யாரும் அளக்கவில்லை.

அங்கிருந்து 2017 வரை, முகம் காட்டிவிட்டுப் போனவற்றையும் சேர்த்து ஒன்பது படங்கள். காமிக்ஸில் வரைந்த உருவத்துக்கு வயது ஏறாது. திரையில் இருந்தவர் நிஜ மனிதர், ஆகவே எங்களோடு சேர்ந்து அவருக்கும் ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது, கண் ஓரத்தில் கோடு விழுந்தது. காயமே தங்காத, வயதே தெரியாத ஒருவனாக நடித்துக்கொண்டே அவர் 48 வயதுக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன்பு வந்த படங்கள் இதை மறைக்கப் பாடுபட்டன. 2006 படத்தின் தொடக்கத்தில் சார்லஸாக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டின் சுருக்கங்களைக் கணினியில் அழித்து அவரை இளைஞராகக் காட்டினார்களே, நினைவிருக்கும். இயக்குநர் ஜேம்ஸ் மேன்கோல்டு ‘லோகனில்’ எதையும் மறைக்கவில்லை. அந்த மூப்பையே கதையாக்கிவிட்டார்.

படத்தின் முதல் சண்டையை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. வாடகைக்கார் ஓட்டிப் பிழைக்கும் லோகன் வண்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிறார். சக்கரத்தைத் திருட வந்தவர்கள் அவரைச் சுட்டுச் சாய்க்கிறார்கள். தடுமாறி எழுந்து கையை முறுக்குகிறார். உலோக நகங்கள் வருகின்றன, ஒன்று மட்டும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பதினேழு ஆண்டுகளாகச் சட்டென்று பாய்ந்து வந்த நகம் அது. எலும்பில் ஏற்றிய அடமாண்டியம் என்ற உலோகமே இப்போது அவர் உடலுக்கு விஷமாகிக்கொண்டிருக்கிறது. சின்ன எழுத்தைப் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். உலகத்தையே மனத்தால் தொடக்கூடிய சார்லஸ், 90 வயதில் மூளை நோயோடு மாத்திரையை நம்பிக் கிடக்கிறார். அவரைக் கழிவறைக்கு அழைத்துப் போவதும், தூக்கிப் போய்ப் படுக்கவைப்பதும் லோகன்தான். அலுத்துக்கொள்கிறார், திட்டுகிறார், ஆனாலும் கீழே விட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறார்.

அந்த ஆண்டு என் அப்பாவுக்கு நடை தளர்ந்திருந்தது. இரவில் குளியலறைக்குப் போக என் தோளைப் பிடித்துக்கொள்வார். பிடிப்பதற்கு முன் ஒரு நொடி தயங்குவார். சுவரையே பிடித்துக்கொண்டு போய்விடலாமா என்று பார்ப்பார். அவர் எடை என் தோளில் இறங்கும்போது, சின்ன வயதில் என்னைத் தூக்கி மதில்மேல் உட்காரவைத்த கை இதுதானா என்று இருக்கும். நானும் அலுத்துக்கொண்டிருக்கிறேன். நடுராத்திரியில் கோபப்பட்டிருக்கிறேன். ஒரு சூப்பர்ஹீரோ படத்தில் அந்தக் கோபத்தை அப்படியே பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

சார்லஸைப் புதைக்கும் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. குழிக்கு அருகில் லோகனும் லாராவும் நிற்கிறார்கள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று லோகன் வாயைத் திறக்கிறார். பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வாக்கியம் உடைந்துவிடுகிறது. வண்டிக்குப் போகிறார், அது கிளம்ப மறுக்கிறது. அதுவரை அடக்கிவைத்தது எல்லாம் அந்த வண்டியின்மேல் இறங்குகிறது. மண்வெட்டியை எடுத்து அடி அடியென்று அடித்து, மூச்சு வாங்கி அங்கேயே விழுகிறார். நகங்களை உபயோகிக்கவில்லை பாருங்கள், மண்வெட்டி. துக்கம் வந்த எந்த மனிதன் கையிலும் கிடைக்கக்கூடிய ஒரு சாமான். அந்த இடத்தில்தான் அவர் எங்களுக்கு முழுக்க மனிதராகிவிட்டார் என்று நான் நம்புகிறேன்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்லிவிட முடியாது. ரத்தம் அதிகம், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியவில்லை என்றார்கள். மற்ற எக்ஸ்-மென் எல்லோரும் திரைக்கு வெளியே செத்துப்போனார்கள் என்று இரண்டு வரியில் சொல்லி முடித்தது நியாயமா என்று கேட்டார்கள். அது நல்ல கேள்விதான், எனக்கும் அந்தக் குறை உண்டு. தன்னைப் போலவே செய்யப்பட்ட ஒரு க்ளோன் கையில் அவர் சாவது ஏமாற்றமாக இருந்தது என்றவர்களும் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. களைப்பே இல்லாத, மனமே இல்லாத, இளமையான தன் உடம்போடுதான் கிழவர் கடைசியாக மோதுகிறார். அதை வீழ்த்துகிற அடமாண்டியத் தோட்டா, ஒருநாள் தன் உயிரை முடித்துக்கொள்ள அவரே எடுத்துவைத்திருந்தது. அதைச் சுடுகிறவள் அவர் மகள்.

சுமார் 9.7 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுவதும் 61 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் 2018-ல் கிடைத்தது. மூப்பைக் காட்டினால் யாரும் வரமாட்டார்கள் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொன்னால், இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

சரி, 2024-ல் வந்த ‘டெட்பூல் & வுல்வரின்’ படத்துக்கு வருகிறேன். ஜாக்மேன் தானாகவே விரும்பித்தான் திரும்பி வந்தார், அவரே அதைச் சொல்லியிருக்கிறார். 55 வயதில் அந்த மஞ்சள் உடையில் அவர் நின்றபோது நானும் கைதட்டினேன், மனதாரத் தட்டினேன். 130 கோடி டாலருக்கு மேல் வசூல் வந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. இவர் வேறொரு பிரபஞ்சத்து வுல்வரின், செத்தவர் செத்தவர்தான் என்று கதையிலேயே தெளிவாகவும் சொன்னீர்கள். ஆனால் படத்தின் தொடக்கத்தில் டெட்பூல் லோகனின் கல்லறையைத் தோண்டி, எலும்புகளை எடுத்து, பாட்டுக்கு ஆடிக்கொண்டே அவற்றால் ஆட்களைக் குத்திய காட்சியில் அரங்கம் சிரித்தபோது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்தவர்கள்மேல் கோபமும் இல்லை. அந்த மண்ணை நாங்கள் ஒரு பிள்ளையின் கையால் மூடிவிட்டு வந்திருந்தோம், அவ்வளவுதான்.

அதே படத்தில் இன்னொரு காட்சி இருக்கிறது. நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது. வளர்ந்துவிட்ட லாரா, தன் அப்பாவின் முகத்தோடு இருக்கும் இன்னொருவரோடு உட்கார்ந்து பேசுகிறாள். லாராவாக நடித்த டாஃப்னி கீன் அதிகம் பேசக்கூட இல்லை. எதிரில் இருப்பவர் அவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். தெரிந்தபடியே அவள் பார்க்கிற அந்தப் பார்வையில் 2017 அப்படியே இருந்தது. பழையதைத் தொட வேண்டும் என்றால் இப்படித் தொடுங்கள். எங்களுக்கு அதில் எந்த மறுப்பும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். கடைசிப் படம் என்ற சொல்லை விளம்பரத்துக்காக எடுக்காதீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் 2017-ல் நாங்கள் விடைபெறப் போனோம். ஏதோ ஒரு நெருங்கிய மனிதரைக் கடைசியாகப் பார்க்கப் போவதுபோல அன்று வீட்டிலிருந்து கிளம்பினோம். ஜாக்மேனுக்கு இன்னும் நடிக்க மனம் இருந்தால் நடிக்கட்டும். நரைத்த தாடியோடும் மூட்டு வலியோடும் வரட்டும். சுருக்கத்தை அழித்து, கணினியில் முப்பது வயது முகத்தை ஒட்டி எங்களுக்குக் காட்ட வேண்டாம். அவர் போதும் என்று நகர்ந்த பிறகு அவர் முகத்தையும் குரலையும் இயந்திரத்தில் செய்து ஓட்டுவது இன்னும் மோசம். வயதாகும் உடம்பை எங்களை நம்பிக் காட்டியவர் அவர். அந்த நம்பிக்கைக்கு நாங்கள் கொடுத்த பதில்தான் அன்று அரங்கில் இருந்த அமைதி. அந்த அமைதியை, அவரை மறுபடி அழைத்து வாருங்கள் என்ற கோரிக்கையாக எண்ணிவிடாதீர்கள்.

லாராவுக்கு ஒரு முழுப்படம் கொடுங்கள். 11 வயதில் அந்த எல்லையைத் தாண்டிக் காட்டுக்குள் போன பெண் என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ள நிறையப் பேர் காத்திருக்கிறோம்.

வுல்வரினாக ஒரு புதியவரைத்தான் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால், தயங்காமல் கொண்டுவாருங்கள். அவர் குள்ளமாக இருக்கலாம், யாரும் கேள்விப்படாத பெயராக இருக்கலாம். படம் வரும் முன் நாங்கள் சத்தம் போடுவோம், இவர் வேண்டாம் என்று எழுதுவோம்; 2000-லும் அதைத்தான் செய்தோம். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பழைய முகத்தைத் தேடி ஓடாதீர்கள். அவருக்கு ஒரு பதினேழு ஆண்டு கொடுங்கள். எங்கள் கண் முன்னால் அவருக்கும் வயதாகட்டும். இப்போது 12 வயதில் இருக்கிற ஏதோ ஒரு பிள்ளை அவரோடு வளர்ந்து, ஒருநாள் விளக்கு போட்ட பிறகும் எழ மனம் வராமல் உட்கார்ந்திருக்கட்டும்.

அன்புடன்,
2000-லிருந்து இந்தப் படங்களைப் பார்த்துவரும் ஒரு ரசிகன்