சத்திரசிகிச்சை நாளில் நோயாளிக்குச் சொல்லப்படாதவை தொடர்பான முறைப்பாடு

பணிப்பாளர் அவர்கட்கு,
தனியார் வைத்தியசாலை,
யாழ்ப்பாணம்.

மதிப்புக்குரிய ஐயா,

கடந்த மாதம் உங்கள் வைத்தியசாலையில் என் தாயாருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக, வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லப்பரஸ்கோப்பி முறையில் சத்திரசிகிச்சை நடந்தது. சத்திரசிகிச்சை நிபுணரிலோ மயக்கமருந்து வைத்தியரிலோ எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா இப்போது எழுந்து நடமாடுகிறார், அடுப்படிக்கும் போய்வரத் தொடங்கிவிட்டார். அந்த நாள் எப்படிப் போகும், எதற்கு எப்போது ஆயத்தமாக இருக்கவேண்டும் என்று உங்கள் தரப்பில் ஒருவரும் எங்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்பதுதான் என் முறைப்பாடு. ஒரு விடயத்தில் அது ஆபத்துவரை போனதால் அதை முதலில் எழுதுகிறேன்.

முதல்நாள் மாலை உங்கள் வரவேற்புப் பகுதியிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். "இரவு பன்னிரண்டுக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடக் கூடாது, தண்ணியும் குடிக்கக் கூடாது. விடிய ஆறு மணிக்கு வாங்கோ." அம்மாவுக்குச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கிறது, காலைக் குளிசைகளை என்ன செய்வது என்று கேட்டேன். "வழமையாப் போடுறதைப் போட்டிட்டு வாங்கோ அக்கா" என்று பதில் வந்தது. சொன்னபடி செய்து, சொன்ன நேரத்துக்கு வந்தோம். அம்மாவைத் தியேட்டருக்குள் கொண்டுபோனபோது பிற்பகல் இரண்டு மணி தாண்டிவிட்டது.

இடையில் பத்தரை மணியளவில் அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கட்டில் விரிப்பைப் பிடித்திருந்த கை நடுங்கியது. கேட்டதற்குத் தெளிவில்லாமல் பதில் சொன்னார். தாதியைக் கூப்பிட்டேன். "பயத்தில அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பவும் போய் வற்புறுத்திய பிறகே விரலில் குத்திப் பார்த்தார்கள். சீனி 56. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். மயக்கமருந்து வைத்தியர் வந்து குளிசைப் பெட்டியைப் பார்த்து, சீனி வருத்தத்துக்கான கிளிக்லசைட் குளிசையை இன்று காலை போட்டிருக்கவே கூடாது என்றார். வெறும் வயிற்றிலும் அந்தக் குளிசை சீனியை இறக்கும் என்பது உங்கள் விடுதியில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. பிரஷர் குளிசைகளிலும் சிலதைப் போடவேண்டும், சிலதை நிறுத்தவேண்டும் என்றும் அவர் விளக்கினார். இதையெல்லாம் முதல்நாளே வைத்தியரிடமோ தாதியிடமோ கேட்டுச் சொல்லாமல், வரவேற்பில் இருக்கும் பிள்ளையின் வாயில் விட்டது யாருடைய பொறுப்பு?

பட்டினியும் அப்படித்தான். கெட்டியான சாப்பாட்டுக்கும் பால் தேநீருக்கும் ஆறு மணித்தியாலம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணித்தியாலம் என்பதே இன்று உலகெங்கும் மயக்கமருந்துத் துறையினர் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. தனி நோயாளிக்கு வைத்தியர் வேறு சொன்னால் அதைக் கேட்கலாம். ஆனால் பிற்பகலில் சத்திரசிகிச்சை இருக்கும் ஒருவரை நள்ளிரவிலிருந்து நா வறள வைத்திருந்ததற்கு எந்த வைத்தியரும் காரணம் சொல்லவில்லை. நீரிழிவு உள்ளவர்களை அன்றைய பட்டியலில் முதல் ஆட்களாக எடுப்பதும் வழக்கமான நடைமுறைதான். அம்மாவுக்கு முன்னால் எத்தனை பேர் என்றுகூட எங்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்தது தாலிக்கொடி. தியேட்டர் வாசலில், தள்ளுவண்டியில் படுத்த பிறகு, "நகை எல்லாம் கழட்ட வேணும், கொடியும்" என்றார்கள். மின்சாரத்தால் சூடேற்றி இரத்தப்போக்கை நிறுத்தும் கருவி பாவிப்பதால் உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடக்கூடும் என்று பிறகு விளங்கிக்கொண்டேன். அது நியாயமான காரணம். ஆனால் கலியாணம் ஆன நாளிலிருந்து அம்மா அதைக் கழற்றியதே இல்லை. வெளியில் கதிரையில் அப்பா இருக்க, அறிமுகமில்லாத ஆட்கள் சுற்றி நிற்க, அவசரத்தில் கொக்கி கழன்றுகொடுக்காமல் நான் இழுக்க, அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். முதல்நாளே சொல்லியிருந்தால் வீட்டில் சாமி அறையில் வைத்துக் கழற்றி, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்திருப்பார். யாழ்ப்பாணத்தில் நடக்கும் ஒரு வைத்தியசாலைக்கு இது தெரியாத விடயம் அல்ல.

தியேட்டருக்குள் போனபின் அவரிடம் பெயரையும் என்ன சத்திரசிகிச்சை என்பதையும் ஆள்மாறி ஆள் கேட்டிருக்கிறார்கள். "நான் ஆர் எண்டு தெரியாமலே வெட்டப் போயினமோ எண்டு நடுங்கிப் போனன் பிள்ளை" என்று அம்மா பிறகு சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலின்படி, மயக்குவதற்கு முன், வெட்டுவதற்கு முன், தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவருவதற்கு முன் என்று மூன்று இடங்களில் நின்று சரிபார்க்க வேண்டும். உங்கள் வைத்தியர்கள் அதைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். "இது உங்கட பாதுகாப்புக்குத்தான் அம்மா" என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அதைக் கேட்டுத் தைரியம் அடைந்திருப்பார்.

சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையில் பேனையைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கினார்கள். துளை வழியாக முடியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்யவேண்டி வரலாம் என்பது அதில் எழுதப்பட்டிருந்ததை நான்தான் வாசித்துச் சொன்னேன். 1848இல் மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கிய சாமுவேல் கிறீன் வைத்தியர் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் படிப்பித்த மண் இது. இங்கே ஒரு நோயாளி தன் உடம்புக்குக் கொடுக்கும் சம்மதத்தைத் தமிழில் வாசிக்க முடியாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று இரவு அம்மா வலது தோள் குத்துகிறது என்று அழுதார். வயிற்றில் செய்த சத்திரசிகிச்சைக்குத் தோள் ஏன் நோக வேண்டும்? மாரடைப்பு என்றே நினைத்துவிட்டோம். இரவுத் தாதி வந்து, உள்ளே பார்ப்பதற்காக வயிற்றில் நிரப்பிய காபனீரொட்சைட்டு வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் வலி தெரியும், சில நாளில் குறையும் என்று பொறுமையாக விளக்கினார். அந்தப் பிள்ளைக்கு எங்கள் நன்றியைத் தெரிவியுங்கள். அவர் சொன்னதை யாராவது முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

இப்போது நான் கேட்பது இவை. சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுக்கும்போதே நோயாளியின் கையில் தமிழில் ஒரு தாள் கொடுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்துவது, எத்தனை மணிக்குத் தண்ணீரை நிறுத்துவது, எந்தக் குளிசையைப் போடுவது, எதை விடுவது என்பதை வைத்தியர் அதில் கையால் நிரப்பட்டும். நகை, கட்டுப்பல், நகப்பூச்சு, மருதாணி பற்றியும் எழுதுங்கள். வீட்டார் எங்கே காத்திருப்பது, முடிந்ததும் யார் வந்து சொல்வார் என்பதும், வீட்டுக்குப் போனபின் காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தால் எந்த இலக்கத்துக்கு எடுப்பது என்பதும் வேண்டும். சம்மதப் படிவத்தைத் தமிழில் அச்சிட்டு, விடுதியில் ஆறுதலாக வாசிக்கக் கொடுங்கள்.

எங்கள் கட்டணப் பற்றுச்சீட்டில் 'விசேட கண்காணிப்பு' என்று 8,500 ரூபாய் சேர்க்கப்பட்டுள்ளது. சீனி இறங்கியதால் வந்த செலவு அது. உங்கள் ஊழியர் சொன்னதைக் கேட்டதால் இறங்கிய சீனிக்கு நாங்கள் பணம் கட்ட முடியாது. அந்தத் தொகையைத் திருப்பித் தாருங்கள்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் சபைக்கு இக்கடிதத்தின் பிரதியையும் பற்றுச்சீட்டையும் அனுப்புவேன்.

இங்ஙனம்,
நோயாளியின் மகள்,
கோப்பாய்.