செயலாளரின் ஆண்டறிக்கை: உடல் எடை குறைப்போர் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, நகல் அனுப்பப்படும் என்பதால் வராத உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் செயற்குழு ஆறு முறை கூடியது. ஞாயிறு நடைப்பயிற்சி மழை நாட்கள் நீங்கலாக நடைபெற்றது. புத்தக அலமாரி பழுதுபார்க்கப்பட்டது. எடைக் கருவி ஒரு வாரம் எல்லாருக்கும் மூன்று கிலோ குறைத்துக் காட்டியது. அந்த வாரம் வருகை மிக நன்றாக இருந்தது.

அடுத்து, கல்லீரல் பரிசோதனைத் திட்டம். "செயலாளர் சங்கத்தை ஆய்வுக்கூடமாக்கிவிட்டார்" என்று செப்டம்பர் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. என் பதிலும் எங்காவது பதிவாக வேண்டும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு வேறொரு காரணத்துக்காக எனக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் திரையில் இரண்டு இடங்களைக் காட்டினார். ஒன்று வலது சிறுநீரகம், மற்றொன்று அதை ஒட்டிய கல்லீரல். இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டுமாம். எனக்கோ சிறுநீரகம் கறுத்தும், கல்லீரல் சுண்ணாம்பு பூசிய சுவர்போல வெளுத்தும் தெரிந்தன. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்ததன் அடையாளமாம் அது. வலி இல்லை, பசி குறையவில்லை, கல்லீரல் பாதிப்பை அறிய இரத்தத்தில் பார்க்கும் எஸ்.ஜி.பி.டி. அளவுகூட வரம்புக்குள்தான் இருந்தது. ஆண்டுதோறும் அந்த ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன் நான். நம்மில் பலரும் அப்படித்தான் தூங்குகிறார்கள் என்று தோன்றியது. திட்டம் பிறந்த கதை இவ்வளவுதான். விளம்பர ஆசை என்று சொன்னவர்கள் தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஜூன் மாதம் ஒரு மருத்துவரை அழைத்து உரையாற்றச் செய்தோம். உறுப்பினர்கள் 112 பேர். வந்தவர்கள் 14 பேர். அவர்களில் நால்வர் அடுத்து நடக்கவிருந்த பாட்டு நிகழ்ச்சிக்கு முன்னதாகவே வந்து அமர்ந்தவர்கள். உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 10-க்கு 3 பேருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது, உடற்பருமன் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் அது 10-க்கு 7 ஆகிவிடுகிறது என்றார் அவர். நம் சங்கத்தின் பெயரை நினைவில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதினேன். செயலாளர் சாபம் விடுகிறார் என்றார்கள்.

வராத 98 பேருக்காக, அன்று எனக்குப் புரிந்ததை என் பாணியில் சொல்கிறேன். இன்சுலினை ஒரு சுற்றறிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவுடன் கணையம் அதை அனுப்புகிறது. தசைக்கு: சர்க்கரையை எடுத்துக்கொள். கொழுப்புத் திசுவுக்கு: சேமித்த கொழுப்பை இப்போது வெளியே விடாதே. கல்லீரலுக்கு இரண்டு வரிகள்: சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து, மிஞ்சியதைக் கொழுப்பாக்கி வை. வயிற்றுக்குள் கொழுப்பு மண்டியவர்களின் உடலில் இந்தச் சுற்றறிக்கையை யாரும் சரியாகப் படிப்பதில்லை. (இந்த நிலைமை எனக்கு நன்றாகவே தெரியும்.) கணையம் விடாமல் மேலும் மேலும் அனுப்புகிறது. கல்லீரலோ முதல் வரியைப் பொருட்படுத்தாமல் சர்க்கரையைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது வரியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்துக் கொழுப்பையும் ஆக்கிக்கொண்டே இருக்கிறது. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். எல்லா உத்தரவையும் மீறினால்கூடப் பரவாயில்லை, பாதியை மீறுவதில்தான் தொல்லை.

2005-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளின் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பில் 59 விழுக்காடு, கொழுப்புத் திசு அடக்கமின்றி இரத்தத்தில் விட்ட கொழுப்பிலிருந்து வந்தது. 26 விழுக்காடு கல்லீரலே தயாரித்தது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது 15 விழுக்காடுதான். "நான் எண்ணெயே தொடுவதில்லை" என்று எழுந்து நின்று சொன்ன மூத்த உறுப்பினருக்கு மருத்துவர் இந்தக் கணக்கைத்தான் சொன்னார். "நான் குடிப்பதே இல்லை" என்று சொன்ன இன்னொருவருக்கு, குடிக்காதவர்களுக்கும் இது வரும், அதன் காரணத்தைக் காட்டும்படிதான் 2023-இல் இந்த நோய்க்கு வளர்சிதை மாற்றக் கோளாறைச் சேர்த்துப் புதுப் பெயர் வைத்தார்கள் என்று விளக்கினார்.

ஜூலையில் இடுப்பளவு முகாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம் உறுப்பினர்கள் நாடாவைக் கண்டதுமே மூச்சை உள்ளே இழுத்து மார்பை நிமிர்த்தி நின்றார்கள். ஒருவர் பேன்ட் அளவைச் சொல்லி அதையே எழுதிக்கொள்ளும்படி வற்புறுத்தினார். அந்த பேன்ட் தொப்பைக்கு ஒரு சாண் கீழே நின்றது. தெற்காசியர்களுக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்டிமீட்டர் என்பது வரம்பு. முடிவுகளைப் பலகையில் ஒட்டியதாக என்மீது சொல்லப்படும் புகார் உண்மையல்ல. ஒட்டியது வரிசை எண்களை மட்டுமே. வரிசை எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பது எனக்குப் பின்னரே உறைத்தது.

ஆகஸ்டில், இரத்தப் பரிசோதனைத் தாள் வைத்திருப்பவர்களுக்கு, கல்லீரலில் தழும்பு ஏறியிருக்குமா என்று மதிப்பிடும் ஃபிப்-4 எண் கணக்கிட்டோம். வயதை எஸ்.ஜி.ஓ.டி. (எஸ்.ஜி.பி.டி. போன்ற இன்னொரு இரத்த அளவு) அளவால் பெருக்கி, அதைத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 1.3-க்குக் கீழே என்றால் கல்லீரலில் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேலே என்றால் நிபுணரைப் பார்க்க வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ்வரம்பு 2. உறுப்பினர் ஒருவருக்கு வயது 58, எஸ்.ஜி.ஓ.டி. 45, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணுக்கள் 1,90,000. அவர் அந்த எண்ணை அப்படியே போட்டு வகுத்து, விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்ததும் எல்லாரிடமும் கைகுலுக்கினார். அங்கே ஆயிரங்களில், 190 என்று போட வேண்டும். போட்டால் 1.96. அதாவது நடுவில் நிற்கிறார். கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. இதைச் சொன்ன நாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. ஸ்கேன் எடுத்துக்கொண்டார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். எனக்கு அது போதும்.

எடைக் குறைப்புப் போட்டியில் தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வாரத்தில் அதிகம் குறைப்பவருக்குப் பரிசு என்று அறிவித்திருக்கக் கூடாது. ஒருவர் பட்டினி கிடந்து தலைசுற்றி விழுந்தார். மளமளவென்று எடை இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடும் என்பதை மருத்துவர் அதன் பிறகே எனக்குச் சொன்னார். பரிசு ரத்து செய்யப்பட்டது. உண்மையில் வேண்டியது நிதானம்: உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும், 7 முதல் 10 விழுக்காட்டில் அழற்சி தணியும், 10-ஐத் தாண்டினால் தழும்பும் பலருக்குக் குறைகிறது. எடை இறங்காவிட்டாலும் தொடர்ந்து நடந்தால் கல்லீரல் கொழுப்பு ஓரளவு கரையும். ஞாயிறு காலை எழ முடியாதவர்கள் இதைக் கவனிக்க.

"ஊசி வந்துவிட்டதாமே, இனி எதற்கு நடை?" என்று கேட்டவர்களுக்கு: அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் மாத்திரைக்கும், 2025 ஆகஸ்டில் செமாகுளூடைட் ஊசிக்கும் இந்த நோய்க்காக அனுமதி கிடைத்திருப்பது உண்மை. அழற்சியோடு தழும்பும் ஓரளவு ஏறியவர்களுக்கே அந்த அனுமதி. அதுவும் உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்துத்தான்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி இந்த ஆண்டும் கூடியிருக்கிறது. 41 பேர் இரண்டு ஆண்டாகச் செலுத்தவில்லை. அவர்களில் ஐவர், இடுப்பளவு முகாமுக்கு ஏன் கூடுதல் நாடா வாங்கவில்லை என்று எழுத்துமூலம் கேட்டவர்கள்.

தலைவர், பொருளாளர், உரையாற்றிய மருத்துவர், அரங்கம் தந்தவர்கள், நாற்காலி அடுக்கிய இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுச் செயலாளர் பொறுப்புக்கு இதுவரை மனு எதுவும் வரவில்லை. என் பெயரை முன்மொழிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்தத் திட்டத்துக்கு ஓராண்டு போதாது. ஜூலையில் அளந்த 63 பேரை மறுபடி அளந்தால்தான் ஏதாவது மாறியதா என்பதே தெரியும். அந்தப் பதிவேடும் இப்போதைக்கு என்னிடம்தான் இருக்கிறது. வாசல் மேசையில் ரசீதுப் புத்தகத்தையும் அளவு நாடாவையும் அருகருகே வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்து புறப்படும்போது அந்த வழியாகவே போகவும். பின்கதவு பூட்டியிருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்