மறுநாள் என்ன ஆகிறது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் அசதியைப் போக்குவது பற்றி உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுந்து வேகமாக நடங்கள், அசதி ஓடிவிடும் என்று அதில் இருந்தது. பலருக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் என்னைப் போன்றவர்களை அது படுக்கையில் தள்ளிவிடும்.

நான் கணக்கு ஆசிரியை. ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு என் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. நாள்பட்ட சோர்வு நோய் என்று ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை எடுத்த ரத்தப் பரிசோதனைகளில் ஒரு குறையும் தெரியவில்லை. இந்த நோயை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை இன்னும் கிடையாது. அறிகுறிகளைக் கேட்டு, வேறு நோய் இல்லை என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இது தெரியாததால், "ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிறது, மனசுதான் காரணம், நன்றாக நடங்கள்" என்று ஒரு மருத்துவர் சொன்னதை அப்படியே நம்பினேன். ஆறு மாதம் நடந்தேன்.

நடக்கும்போது ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோதான் அடி விழும். தலை சீவக் கை எழாது. ஏழும் எட்டும் எத்தனை என்று யோசித்துக்கொண்டு கரும்பலகை முன்னால் நின்றிருக்கிறேன், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க.

சோர்வு என்றதும், "எனக்கும்தான் சாயங்காலமானால் சோர்வாக இருக்கிறது" என்கிறார்கள். அந்தச் சோர்வு தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் போகாது. உழைத்த பிறகு தாமதித்து வரும் இந்தச் சரிவு இந்த நோயின் முக்கிய அடையாளம் என்று அமெரிக்க வல்லுநர் குழு 2015-இல் வரையறுத்தது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைப் பரிந்துரைத்து வந்த பிரிட்டன் கூட 2021-இல் தன் வழிகாட்டுதலில் அதைக் கைவிட்டுவிட்டது.

இப்போது முடிந்ததில் பாதியைத்தான் செய்கிறேன். ஐந்து விடைத்தாள் திருத்தினால் அப்புறம் அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்துவிடுவேன். தெம்பாக இருக்கும் நாளிலும் ஆறாவது தாளைத் தொடுவதில்லை. அதுதான் கஷ்டம். நோய் குணமாகிவிடவில்லை, ஆனால் படுத்த படுக்கையாகும் நாட்கள் குறைந்திருக்கின்றன.

அடுத்த முறை அசதியைப் பற்றி எழுதும்போது தயவுசெய்து இரண்டு வரி சேருங்கள்: உழைத்த மறுநாள் உடம்பு மோசமாகிறதா என்று கவனியுங்கள், ஆகிறது என்றால் நடையைக் கூட்டாமல் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை