பம்பை காத்திருந்த வெள்ளிக்கிழமை

சத்துவாச்சாரி,
வேலூர்

அன்புள்ள மாணிக்கம்,

நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

போன வெள்ளிக்கிழமை ஆரணிக்குப் போயிருந்தேன். (1989இல் மாவட்டத்தைப் பிரித்து அதைத் திருவண்ணாமலையில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அது வட ஆற்காடுதான்.) நம் தெரு மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள்.

கோயிலில் மோட்டார் மேளம் வாங்கி வைத்திருக்கிறார்கள். நீயும் எங்காவது பார்த்திருப்பாய். மோட்டார் சுற்றச் சுற்ற ஒரு கம்பி முரசை அடிக்கும், இன்னொன்று மணியை ஆட்டும். தீபாராதனைக்கு ஒரு பையன் சுவிட்சைப் போட்டான். பூசாரி தட்டை வெளியே கொண்டுவந்து, எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கற்பூரமும் அணைந்துவிட்டது. மேளம் மட்டும் அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பையனைக் காணோம். இரட்டை மேளமான பம்பையைக் கட்டிக்கொண்டு பம்பைக்காரர் தூணோரம் குச்சியோடு காத்து நின்றார். யாரோ போய் அதை நிறுத்திய பிறகுதான் அவர் தொடங்க முடிந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

அப்புறம் அவர் அம்மனை வர்ணித்துப் பாட, உடுக்கை சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் மூலைவீட்டு அம்மாவுக்கு அருள் வந்தது. பம்பைக்காரரின் கண் அந்த அம்மாவின் காலைவிட்டு அகலவில்லை. கால் தடுமாறினால் அடி தளர்ந்தது. ஆட்டம் ஏறினால் அடியும் ஏறியது. அந்த அம்மா சோர்ந்து உட்கார்ந்ததும் ஓசையும் மெல்லத் தணிந்து நின்றது. அவர் அடித்தது தோலை மட்டுமா?

இயந்திரம் என்றாலே ஆகாது என்பவன் இல்லை நான். உனக்கே தெரியும். உன் அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரைப்பூவுக்கான இழைகளை எண்ணி எண்ணித் தூக்கிப் பிடிப்பாய். வாரத்தில் பாதி நாள் பள்ளிக்கு வரமாட்டாய். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி வந்ததும் அந்த வேலையை அட்டைகள் வாங்கிக்கொண்டன. அட்டையில் ஓட்டை இருந்தால் அந்தக் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் இழை அப்படியே கிடக்கும். 1804 வாக்கில் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த பெட்டி, ஆரணியில் உன்னை என் பக்கத்து இடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தது. அதற்கு இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். பெட்டி வந்தும் மிதித்தது, நாடா எறிந்தது, பாவு அறுந்தால் நிறுத்தி முடிந்தது எல்லாம் உன் அப்பாதானே. அவர் கண்ணுக்கு அங்கே வேலை இருந்தது. மோட்டார் மேளத்தில் யார் கண்ணுக்கும் வேலை இல்லை.

தர்மகர்த்தாவிடம் பேசினேன். தினமும் அடிக்க ஆள் வருவதில்லை, வந்தாலும் கொடுக்கப் பணமில்லை என்றார். அதுவும் நியாயம்தான். சரி, மற்ற நாளுக்கு மோட்டார் இருக்கட்டும், வெள்ளிக்கிழமைக்குப் பம்பைக்காரரைக் கூப்பிடுங்கள், கூலி எங்கள் பொறுப்பு என்று உன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. உங்கள் பழைய வீட்டுப் பரணில் அட்டைச் சரம் ஒன்று கிடைத்தது. மயில் கரைக்கு அப்பா வைத்திருந்தது. உன் பேத்தி கம்ப்யூட்டர்தானே படிக்கிறாள்? 1830களில் இங்கிலாந்தில் பாபேஜ் என்பவர் கணக்குப் போடும் இயந்திரத்துக்குத் திட்டம் போட்டபோது, அதற்குக் கட்டளை சொல்ல இந்த மாதிரி அட்டைகளைத்தான் எடுத்துக்கொண்டார். அவளுக்கு அனுப்பட்டுமா? தூசி தட்டி, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சேகர்