மாமாவின் பாக்கெட் நோட்டும் கொஞ்சம் பாக்கியும்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

மாமா, அதாவது என் மாமனார், தவறி மூன்று மாதம் ஆகிறது. இந்த ஊர் வழக்கப்படி, துக்கத்துக்கு வந்தவர்கள், பூ அனுப்பியவர்கள், சாப்பாடு கொண்டுவந்தவர்கள் என்று ஒருவர் விடாமல் எல்லோருக்கும் குடும்பத்தார் கைப்பட நன்றி அட்டை எழுதி அனுப்ப வேண்டும். அத்தையும் ஓரகத்தியும் நானும் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் இருநூற்றுச் சொச்சம் அட்டைகளை எழுதி முடித்தோம். உள்ளங்கை அகல அட்டை, நான்கு வரிக்கு மேல் இடம் கிடையாது. அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் நன்றி சொல்ல வேண்டிய நீங்கள்தான் பாக்கி. உங்களுக்கு நான்கு வரியில் எழுத மனசு வரவில்லை.

உங்களில் பாதிப் பேர் மாமாவைப் பார்த்ததே இல்லை. எனக்காக வந்தீர்கள். யாருக்காக அன்று டெ மாய்னிலிருந்து இருட்டில் எழுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தோம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

என் மாமனார் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்ஸுக்கும் மார்ஷல்டவுனுக்கும் நடுவே, ஒரு தானியக் கிடங்கும் ஒரு சர்ச்சும் ஒரு பெட்ரோல் பங்க்கும் மட்டும் உள்ள ஊரில் பிறந்து, அங்கேயே விவசாயம் பார்த்தவர். ஒரு வருஷம் மக்காச்சோளம், மறு வருஷம் சோயா. வயது 76. 1970-இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டுப் போய்வந்த காலத்தைத் தவிர, ஊரைவிட்டு அதிக நாள் விலகி இருந்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார்கள். மன்னார்குடிப் பக்கம் வளர்ந்தவளுக்கு மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வருமா? 'மாமா' என்றேன். இந்த ஊரில் அது அம்மாவைக் கூப்பிடும் சொல். மளிகைக் கடையில் நான் "மாமா!" என்று குரல் கொடுத்தால், நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆறடி மூன்றங்குல உயரத்தில், மீசையோடு, விதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஒருவர் "என்னம்மா?" என்பதுபோல் எட்டிப் பார்ப்பார். ஊரிலேயே மீசை வைத்த ஒரே மாமா நான்தான் என்று காபிக் கடையில் சொல்லிச் சிரிப்பாராம்.

அவர் மேல்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். விதை விற்கும் கம்பெனிகள் இலவசமாகத் தருவது. கூடவே ஒரு குட்டைப் பென்சில். நோட்டின் முன்பக்கத்திலிருந்து மழை அளவு, விதைத்த தேதி, தானியத்தின் ஈரப்பதம் என்று எழுதிக்கொண்டு போவார். பின்பக்கத்திலிருந்து யார் தனக்கு என்ன உதவி செய்தார்கள் என்று எழுதுவார். 'டிரெய்லர், அரை நாள்.' 'சாலையில் பனி தள்ளினார்.' திருப்பிச் செய்த பிறகு ஒரு கோடு போட்டு அடித்துவிடுவார். தான் மற்றவர்களுக்குச் செய்ததை எழுத அதில் பக்கமே கிடையாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அத்தைதான் சொன்னார். 1979-இல் மாமா கடன் வாங்கி எண்பது ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறார். அப்போது நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போன காலம். அப்புறம் வட்டி ஏறியது, தானிய விலை படுத்தது. 1981-இல் அயோவாவில் ஏக்கருக்குச் சராசரியாக 2,147 டாலர் போன நிலம், 1986-இல் 787 டாலருக்கு வந்து நின்றது. வாங்கிய கடன் மட்டும் அப்படியே இருந்தது. மிட்வெஸ்ட் என்கிற இந்தப் பக்கத்து மாநிலங்கள் முழுக்கப் பண்ணைகள் ஏலத்துக்குப் போயின. 1985 வசந்தத்தில் விதைப்புக்குக் கடன் தர வங்கி கைவிரித்துவிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருநாள் இரவு வந்து, விதைக்கும் டீசலுக்கும் ஆகும் பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. அன்றைக்கு நோட்டில் எழுதிய வரியை அடிக்க மாமாவுக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் இப்போது இல்லை. அவருடைய மகனைப் பற்றிக் கீழே வருகிறது.

மாமா போனது அக்டோபர் நடுவில், அறுவடை பாதியில் இருக்கும்போது. காலையில் மிஷின் கொட்டகையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. ஆம்புலன்ஸில் வந்த மூன்று பேரும் சம்பளம் இல்லாமல் சேவையாகச் செய்பவர்கள். ஒருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். பிழைக்க மாட்டார் என்று தெரிந்தும் ஆஸ்பத்திரி வரை மூன்று பேரும் மாறி மாறி நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தார்கள். அவர்களுக்கு எழுதிய அட்டையில் நான் மூன்றாவது வரிக்கு மேல் போகவில்லை.

வயலில் இன்னும் 180 ஏக்கர் மக்காச்சோளம் நின்றது. என் அப்பாவிடம் போனில் சொன்னதும், "இருபத்தேழு வேலி!" என்று அந்தத் துக்கத்திலும் தஞ்சாவூர்ப் பக்கத்து நில அளவில் மனக்கணக்குப் போட்டுவிட்டார். இருபத்தேழு வேலியும் நிற்க, சம்பந்தி போய்ச் சேர்ந்துவிட்டாரே, இனி யார் அறுப்பது என்பதுதான் அவர் கவலை. என் கணவரும் மூத்தாரும் இனிமேல்தான் ஆள் தேட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை. பனி காய்ந்ததும் சாலையில் வரிசையாக அறுவடை மிஷின்கள் வந்தன. ஆறு. பின்னால் தானிய வண்டிகள், லாரிகள். யாரும் யாரையும் கூட்டம் போட்டு அழைத்ததாகத் தெரியவில்லை. டீசலைக்கூட அவரவர் கொண்டுவந்திருந்தார்கள். இங்கே மிஷின் கம்பெனியின் நிறத்தை வைத்துப் பச்சை மிஷின்காரர்கள், சிவப்பு மிஷின்காரர்கள் என்று இரண்டு கட்சி உண்டு. நம் ஊரில் ரஜினி, கமல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமா பரம்பரைப் பச்சை. சிவப்பு மிஷினை என் வயலில் ஏறவிட மாட்டேன் என்று ஆயுசுக்கும் கிண்டல் செய்தவர். அன்று முதலில் வயலில் இறங்கியது ஒரு சிவப்பு மிஷின். ஓட்டியவர், 1985-இல் பணம் வைத்துவிட்டுப் போனாரே, அவருடைய மகன். வரப்பருகே ஒரு நொடி நிறுத்தி, மாமாவின் கொட்டகைப் பக்கம் பார்த்துத் தொப்பியைத் தூக்கிவிட்டு இறங்கினார். அத்தை அழுகையும் சிரிப்புமாக, "அவர் மட்டும் பார்த்திருந்தால்!" என்றார்.

இரண்டு மணிக்கெல்லாம் வயல் காலி. சர்ச் பெண்கள் வரப்புக்கே சாப்பாடு கொண்டுவந்தார்கள். லாரி ஓட்டியவர்களுக்கு வாடகை கொடுக்கப் போன என் கணவரை ஒருவர் முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். நன்றி என்று சொன்னால் இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் ஒரே பதில், "யூ பெட்". அதற்கு மேல் பேச்சில்லை, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இனி உங்களிடம் வருகிறேன்.

உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மாலை, டெ மாய்ன், ஏம்ஸ் தமிழ்க் குடும்பங்கள் பதினொன்று வந்தீர்கள். சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றதைப் பார்த்தேன். மறுநாள் அடக்கத்துக்கு மறுபடி வந்தீர்கள், புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்குப் பொரியலோடு. கீழ்த்தள ஹாலில் சர்ச் பெண்கள் அதை என்ன செய்தார்கள் என்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். புளியோதரையை ஹாம் சாண்ட்விச்சுக்குப் பக்கத்தில் வைத்து, மாஸ்கிங் டேப்பில் 'காரம்! ஜாக்கிரதை!' என்று எழுதி ஒட்டினார்கள். தயிர்சாதம் சாலட் வரிசைக்குப் போய்விட்டது. ஜெல்லியும் மார்ஷ்மெல்லோவும் கலந்ததையே சாலட் என்று சொல்லும் ஊரில் இது ஒன்றும் பெரிய தப்பில்லை. எண்பத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் இரண்டு முறை போட்டுக்கொண்டு, இந்தச் சாலட்டில் கறுப்பாக இருப்பது என்ன என்று கேட்டார். கடுகு என்றேன்.

மாமா இருந்திருந்தால் புளியோதரைக்குத்தான் போயிருப்பார். எங்கள் கல்யாணத்துக்கு 2011 ஜனவரியில் ஊருக்கு வந்தபோது பழகிய ருசி. வேட்டிக்கு மேல் தோல் பெல்ட் கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து, 'போதும்' என்ற சொல்லைத் தேவைக்குக் கற்றுக்கொண்டார். வரும் வழியில் சம்பா அறுவடை நடக்கும் வயலைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொல்லிவிட்டார். சேற்றில் ஓடும் பெல்ட் வண்டியை அதுவரை அவர் அருகில் பார்த்ததில்லையாம். சம்பந்தி எங்கே என்று மண்டபமே தேட, அவர் வண்டிமேல் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கும் என் அப்பாவுக்கும் பொது மொழி கிடையாது. 2016 அறுவடைக்கு அப்பா இங்கே வந்திருந்தார். மாமா ஒரு கை மக்காச்சோளத்தை அப்பா கையில் கொட்டி, ஈரப்பதம் பார்க்கும் மீட்டரை எடுக்கக் கொட்டகைக்குள் போனார். அதற்குள் அப்பா ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் காய வேண்டும் என்று தலையை ஆட்டினார். மீட்டர் 19 காட்டியது. சேமித்து வைக்க 15-க்குப் பக்கத்தில் வர வேண்டும். மாமா மீட்டரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், தானும் ஒரு மணியைக் கடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பத்து நாளும் லோடுக்கு லோடு அப்பாதான் முதலில் கடிப்பார், மீட்டர் இரண்டாவதுதான். உலக உணவுப் பரிசின் கட்டடத்துக்கும் அப்பாவைக் கூட்டிப்போனார். அந்தப் பரிசை நிறுவியவர் அயோவாவின் கிரெஸ்கோ ஊரில் பிறந்த நார்மன் போர்லாக், 1987-இல் முதலில் அதைப் பெற்றவர் எம்.எஸ். சுவாமிநாதன். "நம்ம கும்பகோணத்துக்காரர்!" என்று அப்பா சொன்ன பெருமையை நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. 2023 செப்டம்பரில் சுவாமிநாதன் மறைந்த செய்தியை மாமா கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

டெ மாய்ன் இந்திய மளிகைக் கடை அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு வார்த்தை. மகள் பிறந்தது 2013 பிப்ரவரி, எலும்பு உறையும் குளிர். அம்மா எனக்குப் பத்தியம் போட சுக்கு, பூண்டு, சின்ன வெங்காயம் கேட்டார். மாமா யாரிடமும் சொல்லாமல் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நோட்டில் 'சூக்கூ' என்று எழுதிவைத்திருந்தார். நீங்கள் அதைப் புரிந்துகொண்டதோடு, பச்சை உடம்புக்காரிக்கா என்று கேட்டு ஓமமும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். ஓமத்துக்குக் காசு வாங்கவில்லை. அது நோட்டில் இருந்திருக்கிறது. அடுத்த ஆகஸ்டில் உங்கள் கடை வாசலில் ஒரு சாக்கு ஸ்வீட் கார்ன் வந்து இறங்கியதே, ஏன் என்று அன்று உங்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, இதுதான் காரணம்.

அயோவாவிலேயே உள்ள மேட்ரிட் ஊரின் இந்துக் கோயில் மடைப்பள்ளிக்கும் வருஷா வருஷம் அந்தச் சாக்கு வந்தது. மாமாவுக்குக் கோயில் பழக்கமில்லை. என்னை இறக்கிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காலுறையோடு வாசலில் நிற்பார். அவர் கொண்டுவந்த சோளத்தைச் சுண்டல் பண்ணி அவருக்கே கொடுத்தவர்களுக்கு நன்றி. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி டெரெச்சோ என்ற பெருங்காற்று அயோவாவைப் புரட்டிப் போட்ட வருஷம் மட்டும் சாக்கு வரவில்லை. பயிர் தரையோடு படுத்துவிட்டது, கொட்டகைக் கூரையும் போயிற்று. அதை அப்படியே விட்டுவிட்டு, சங்கிலி ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊரில் தனியாக இருக்கும் பெண்களின் வீடுகளுக்குத்தான் முதலில் போனார். கரண்ட் இல்லாத அந்த வாரத்தில் எங்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஏம்ஸ் தோழிக்கு அன்று நான் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. இதையும் சேர்த்துக்கொள்.

கல்லறையில் குளிர்காற்றில் கோட்டு இல்லாமல் நின்று, மூன்று முறை துப்பாக்கி சுட்டு, கொடியை முக்கோணமாக மடித்து அத்தை கையில் கொடுத்த முன்னாள் ராணுவக்காரர்களுக்கு அட்டை போய்ச் சேர்ந்திருக்கும். விடுப்பைக் கணக்குப் பார்க்காத என் மேலாளருக்கும், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொண்டுவந்து கொடுத்த ஆசிரியைக்கும் அப்படியே. ஊரில் மாமா படத்துக்கு மாலை போட்டு, பதினாறாம் நாள் கூலிக்காரர்களுக்குச் சாப்பாடு போட்ட சித்தப்பாவுக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். நம் வீடுகளில் நன்றி சொன்னால் அந்நியப்படுத்துவது மாதிரி. ஆனாலும் எழுதிவிட்டேன்.

மாமாவின் கடைசி நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது, அத்தைதான் கொடுத்தார். பின்பக்கத்தில் அடிக்காத வரிகள் இரண்டு. ஒன்று, இரவல் வாங்கிய, தானியம் ஏற்றும் ஆகர் மிஷின். அதை மூத்தார் கொண்டுபோய் விட்டுவிட்டார். இன்னொன்று, 'பை தட்டு'. எதிர்வீட்டம்மா ஆப்பிள் பை என்ற பலகாரத்தை வைத்துக் கொடுத்த கண்ணாடித் தட்டு. போன வாரம் தேங்காய் பர்பி வைத்து நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடைசியாக ஒரு விஷயம். சர்ச் சமையலறையில் மீந்த பாத்திரங்கள் என்னிடம் வந்துவிட்டன. இந்த ஊர்ப் பெண்கள் பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவார்கள், அதெல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரு எவர்சில்வர் தூக்கு மட்டும் நிற்கிறது. தயிர்சாதம் வந்த தூக்கு என்று நினைக்கிறேன். மூடியில் 'மீ.சு.' என்று வெட்டியிருக்கிறது, பக்கத்தில் சின்னதாக ஒரு சொட்டை. யாருடையது என்று ஒரு போன் போடுங்கள். கொண்டுவந்து தருகிறேன். காலியாகத் தர மாட்டேன். அந்தச் சனிக்கிழமை அறுத்த மக்காச்சோளத்தில் ஒரு வாளி எடுத்து வைத்திருந்தேன், மாவாக அரைத்தாயிற்று. அடைக்கு நன்றாக வருகிறது.

அன்புடன்,
சின்ன மருமகள்